சந்தனம் வைத்த பெட்டி

எங்கள் வீட்டில் முருகன் படத்துக்குக் கீழே உள்ள பலகையில் ஒரு கறுப்புப் பெட்டி இருக்கிறது. சாம்பிராணி டப்பா அளவுதான் இருக்கும். சிங்கப்பூரில் இருக்கும் மகள் லீவுக்கு வந்தபோது வைத்துவிட்டுப் போனது. பிளக் இருக்கிற இடம் பார்த்து அவள் வைத்தாள். அது சாமி பலகையாக அமைந்துவிட்டது. விடியற்காலையில் நான் விளக்கேற்றப் போகும்போது அதன் பச்சை வெளிச்சம் எனக்கு முன்னாலேயே விழித்திருக்கும். விட்டு விட்டு மினுங்கும். கடல் காற்று ஜன்னல் வழியாக வந்து திரியை ஆட்டும்; அந்தப் பச்சையை ஆட்டாது. இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருப்பேன். அந்த நேரத்தில் மனசு எங்கே போய்விட்டு வரும் என்று எனக்கே தெரியாது.

நான் எட்டாம் வகுப்பு வரைதான் படித்தவள். மகள் சொன்னதில் எனக்குப் பிடிபட்ட அளவில் சொல்கிறேன். இன்டர்நெட் என்பது ஊரெல்லாம் போகிற ரோடு. அந்த ரோட்டுக்குள்ளேயே நம் வீட்டு ஆட்களுக்கு மட்டும் ஒரு மூடின பாதை போட்டுக்கொள்ளலாம். அதற்கு வி.பி.என். என்று பேர். சிங்கப்பூரில் மகள் வீடு, மும்பையில் கடை வைத்திருக்கும் என் கொழுந்தன் வீடு, கடலில் சரக்கு கொண்டுபோகிற தோணியில் என்ஜின் டிரைவராகப் போகிற என் தம்பியின் லேப்டாப் எல்லாம் அந்தப் பாதை வழியாக வந்து சேருகிற இடம் இந்தப் பெட்டி. இது எரிந்தால் பாதை திறந்திருக்கும். அணைந்தால் அடைத்துவிடும்.

பாதையில் என்ன போகும் என்றால், பெரிய பெரிய ஃபைல்கள். முழுசாகப் போகாது. துண்டு துண்டாகப் போகும். ஒரு வீட்டில் வந்த துண்டை அந்த வீடே அடுத்த வீட்டுக்குக் கொடுக்கும். எந்தத் துண்டு யாரிடம் இருக்கிறதோ அவர்களிடமிருந்து வாங்கிக்கொள்ளும். நடுவில் கரண்ட் போனாலும், தோணி கடலுக்குப் போய் சிக்னல் விட்டுப்போனாலும், விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொள்ளும். கேட்டதும் எனக்கு எங்கள் சாஸ்தா கோயில்தான் ஞாபகம் வந்தது. எங்கெங்கோ பிழைக்கப் போன குடும்பமெல்லாம் பங்குனி உத்திரத்தன்று அந்தக் கோயிலில் வந்து கூடும். ஒரு வீடு அரிசி கொண்டு வரும், ஒரு வீடு கருப்பட்டி, ஒரு வீடு தேங்காய். யாரும் முழுப் பொங்கலைக் கொண்டு வருவதில்லை. ஆனால் பானை பொங்கிவிடும். மகளிடம் சொன்னேன். "எம்மா, எங்க ஆபீஸ்ல கூட இவ்வளவு சுளுவா யாரும் சொல்லலை" என்று சிரித்தாள்.

அந்தப் பாதையில் அப்போது வந்துகொண்டிருந்தது என் வீட்டுக்காரரின் குரல்.

என் வீட்டுக்காரர் பழைய துறைமுகத்துக்குப் போகிற ரோட்டில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். தோணிகளுக்கு அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் எங்கள் கடையிலிருந்து போகும். வருஷா வருஷம் தை மாதம் மாலை போட்டு, பச்சை உடுத்தி, எங்கள் தெருக் கூட்டம் திருச்செந்தூருக்கு நடந்து போகும். முன்னால் பாடிக்கொண்டு போகிறவர் இவர்தான். கையில் ஜால்ரா இருக்கும். பாட்டு எல்லாம் கூட்டத்து ஆட்களே கட்டினது. மாலை போட்டவர்கள் வாயில்தான் வரவேண்டும், கண்ட இடத்தில் போடக்கூடாது என்று ஒரு கட்டுப்பாடு. அதனால் யாரும் பதிந்து வைத்ததில்லை. போன தையில் மட்டும் என் தம்பி பிடிவாதமாக ஒரு சின்ன மைக்கை இவர் சட்டையில் குத்திவிட்டான். தெருமுனைப் பிள்ளையாரிலிருந்து கோயில் கோபுரம் வரைக்கும் பதிவாகியிருந்தது.

ஆனி மாதம் இவருக்குத் தொண்டையில் ஆபரேஷன் நடந்தது. உயிர் தப்பியது முருகன் புண்ணியம். குரல் தப்பவில்லை. இப்போது பேசினால் காற்று மட்டும்தான் வரும். பக்கத்தில் காதை வைத்தால் விளங்கும். கடையில் யாரையாவது கூப்பிட வேண்டுமானால் தராசுத் தட்டில் படிக்கல்லைத் தட்டுவார். 'டிங்' என்று ஒரு சத்தம். லோடுமேன்கள் அதற்குப் பழகிவிட்டார்கள். வீட்டில் ஜால்ராவைப் பச்சைத் துணியில் சுற்றி ஆணியில் மாட்டினவர் அப்புறம் அந்தப் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை.

மகளுக்குத்தான் முதலில் ஞாபகம் வந்தது. "மாமா பதிஞ்சது எங்கம்மா? அதில அப்பா இருக்காங்கல்லா?" என்று போனில் கேட்டு அழுதாள். தம்பியின் லேப்டாப்பில் இருந்தது. வாட்ஸ்அப்பில் அனுப்ப முடியாத அளவு பெரிசு. கூட்டத்துக் கட்டுப்பாடு இருப்பதால் வெளியே எங்கேயும் ஏற்றவும் கூடாது. அதற்காகத்தான் பெட்டி வந்தது, பாதை வந்தது.

இந்த விஷயம் எப்படியோ கடைத்தெருவுக்குத் தெரிந்துவிட்டது. ஒருநாள் மத்தியானம் மூட்டை இறக்க வந்த லோடுமேன் என்னைப் பார்த்துக் கேட்டான்:

"என்னக்கா, வீட்டுல வி.பி.என். ஓடுதாம்லா? புதுப்படமெல்லாம் முருகன் படத்துக்குக் கீழதான் எறங்குதாமே?"

எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. என் வீட்டுக்காரர் படிக்கல்லை எடுத்து 'டிங்' என்று தட்டிவிட்டு, அவனைப் பார்த்துத் தன் காதைத் தானே பிடித்துத் திருகிக் காட்டினார்.

"அண்ணாச்சி காதைப் புடிக்காக. நான் வாயை மூடிக்கிடுதேன்" என்று அவன் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடினான்.

ஆனாலும் என் மனசு கேட்கவில்லை. அன்று சாயங்காலம் மகளிடம் கேட்டேன், "ஏளா, இது களவு ஆளுக செய்யுத காரியமாமே. சாமி பலகையில கொண்டு வச்சிருக்கியே."

"எம்மா, களவுப் படம் பாக்கவனும் இதே ரோட்டுலதான் வாரான், அது அவன் பாடு. இதில போறது யாரு பொருளு? நம்ம அப்பா குரலு. நம்ம மாமா புடிச்சது. நம்ம வீட்டுக்குள்ள போவுது. களவாங்க இதில என்ன இருக்கு?"

யோசித்துப் பார்த்தேன். சரியாகத்தான் பட்டது. அதற்கப்புறம் பலகை துடைக்கும்போது பெட்டியையும் மனசோடு துடைக்க ஆரம்பித்தேன்.

துண்டுகள் மெதுவாகத்தான் வந்தன. தம்பி கரையில் இருந்தால் வரும். கடலில் இருந்தால் வராது. மகள் என் செல்போனில் ஒரு பச்சைக் கோட்டை வைத்துக் கொடுத்திருந்தாள். வர வர அந்தக் கோடு வளரும். மத்தியானம் சமையல் முடித்து, வெயிலில் தெருவே உறங்குகிற நேரத்தில், அதைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன். கோட்டில் சில இடம் வெள்ளையாக இருக்கும். அந்த வெள்ளையெல்லாம் கடலில் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். முக்காணிப் பாலத்தில் பாடினது ஒரு துண்டாக, ஆறுமுகநேரி உப்பளத்தில் பாடினது ஒரு துண்டாக, என் தம்பியின் தோணியோடு அலையில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். இங்கே என் பக்கத்தில் அதே ஆள் வாய் பேசாமல் விசிறியைப் பார்த்துப் படுத்திருப்பார். நினைத்தால் தலை சுற்றும். ஆனால் பயமாக இருக்காது.

அவருக்கு இந்தக் காரியத்தில் ஆசை இல்லாதது போலத்தான் இருந்தார். கோட்டைக் காட்டினால் தலையை மட்டும் ஆட்டுவார். ஒருநாள் நான் தூங்கிவிட்டேன் என்று நினைத்து, என் செல்போனை எடுத்துப் பார்த்துவிட்டு, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தார். நான் கண்ணைத் திறக்கவில்லை.

நவராத்திரிக்குக் கொஞ்சம் முந்தி கொல்லத்திலிருந்து தம்பி போன் செய்தான். தோணி அங்கே சரக்கு ஏற்றிக்கொண்டு நின்றது.

"எக்கா, லேப்டாப் இருமுது."

"என்னலே சொல்லுதே?"

"உள்ள டக்கு டக்குன்னு சத்தம் வருது. உப்புக்காத்து தின்னுட்டு. இங்கன கடைக்காரன் கிட்ட காமிச்சேன். டிஸ்க் போவப் போவுது, இனி ஒரு ஆட்டம் தாங்காது, அசைக்காம வச்சுக்கிடுன்னு சொல்லுதான். பென்டிரைவ்ல போட்டுப் பாத்தேன், பாதியில நின்னு நின்னு போவுது."

உடனே சிங்கப்பூருக்குப் போன் போட்டேன். மகள்தான் எல்லாருக்கும் விளக்கினாள். பெரும்பாலான துண்டு எல்லார் வீட்டுக்கும் வந்துவிட்டது. இனி மிச்சம் கொஞ்சம்தான். அதை மட்டும் அந்த லேப்டாப் கொடுத்துவிட்டால் போதும். தோணி துறையில் கட்டி நிற்கிற வரைக்கும் ஆட்டம் இல்லை. லேப்டாப்பை ஒரு மெத்தை மேல் வைத்து, தொடாமல் ஓடவிட வேண்டும். தோணி கடலுக்குள் போய்விட்டால் அலையில் அது பிழைக்காது. தம்பி அப்படியே செய்தான். அப்படியும் நின்று நின்று, ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு துண்டுதான் வந்தது. பூசை முடிந்து இரண்டு நாள் கழித்துத்தான் தோணி மாலத்தீவுக்குக் கிளம்பும் என்றான். நான் முருகனிடம் ஒன்றும் பெரிதாகக் கேட்கவில்லை. அந்த டக்கு டக்கு சத்தம் கொஞ்ச நாள் நிற்காமல் இருக்கட்டும் என்றுதான் கேட்டேன்.

ஆயுத பூசை வந்தது. கடையைக் கழுவி, தராசு, படிக்கல், அரிவாள், சாக்கு ஊசி எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தோம். வீட்டில் அரிவாள்மனை, மிக்ஸி, மகள் படித்த பழைய புத்தகங்கள் எல்லாம் சாமி முன்னால் அடுக்கினேன். ஆணியில் மாட்டியிருந்த ஜால்ராவையும் எடுத்து, துணியை அவிழ்த்து, பொட்டு வைத்தேன். என் வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். கடைசியில் பெட்டியைப் பார்த்தேன். இத்தனை மாதமாக ராப்பகல் உழைக்கிற பொருள். அதுதானே இந்த வீட்டில் அதிகம் உழைத்த ஆயுதம்? ஒயரைக் கழற்றினேன். துடைத்தேன். மூன்று விரலால் சந்தனம் இழுத்து, நடுவில் குங்குமம் வைத்து, ஜால்ராவுக்குப் பக்கத்தில் உட்கார்த்தினேன். பூசையில் வைத்த பொருள் ஓய வேண்டும். மறுநாள் காலை மறுபூசை முடியும் வரை தொடக்கூடாது. ஒரு நாள்தானே, தோணி போக இன்னும் நாள் இருக்கிறதே என்று நினைத்தேன்.

சூடம் காட்டும்போது மனசு அத்தனை நிறைவாக இருந்தது.

சாயங்கால வெயில் வாசலில் மஞ்சளாக விழுந்த நேரம் மகள் போன் வந்தது.

"எம்மா, பெட்டியை என்ன செஞ்சே?"

"பூசையில வச்சிருக்கேன்."

"ஐயோ எம்மா! மாமா காலையிலயே மெசேஜ் போட்டிருந்தாங்க. சரக்கு ஏஜென்ட் அவசரப்படுத்துதானாம். தோணி இன்னைக்கு சாயந்தரமே கிளம்புதாம். நான் இப்பதான் ஆபீஸ்ல இருந்து வந்து பாக்கேன், பாதை அடைச்சுக் கெடக்கு!"

ஒயர் என் காலடியில் கிடந்தது. எடுத்தேன். பிளக்கில் சொருகினால் போதும். பெட்டியின் பொட்டு அப்போதும் ஈரமாக இருந்தது. கையை நீட்டினேன். பின்னாலிருந்து என் வீட்டுக்காரர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

காதோரம் குனிந்து அந்தக் காற்றுக் குரலில் சொன்னார்: "வச்சது வச்சதுதான். என் குரலுக்காவ எடுக்காத."

எனக்கு வந்ததே கோபம். இத்தனை வருஷத்தில் அவரிடம் அப்படிப் பேசினதில்லை. "உங்க குரலு உங்களுக்கு மட்டுமா? நானும் உங்க பிள்ளையும் எங்க போவோம்? ஒங்களுக்கு வேண்டாம்னா விடுங்க, எங்களுக்கு வேணும்!"

அவர் கையை விட்டுவிட்டார். அது இன்னும் கஷ்டமாக இருந்தது. ஒயரைப் பிடித்துக்கொண்டு பலகைக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்தேன். சொருகவும் முடியவில்லை, கீழே போடவும் முடியவில்லை. இதற்கு முன் எனக்குச் சாமியும் இவரும் எதிர் எதிராக நின்றதே இல்லை. முருகா, உனக்குத் தந்ததை உன்னிடமிருந்து எடுக்கவிடாதே, ஆனால் இதையும் கொண்டுபோய்விடாதே என்று கேட்டேன். இரண்டும் எப்படி நடக்கும் என்று அவனுக்குத்தான் தெரியும். வெயில் வாசற்படியிலிருந்து இறங்கிக்கொண்டே போயிற்று. தம்பிக்கு அடித்துக்கொண்டே இருந்தேன். மணி அடித்து அடித்து நின்றது. தோணி கயிற்றை அவிழ்த்துவிட்டது, கரை விலகுகிறது, மெத்தை மேல் அந்த லேப்டாப் ஆட ஆரம்பித்துவிட்டது என்று கண்ணை மூடினால் தெரிந்தது.

விளக்கு வைக்கிற நேரத்தில்தான் அவன் எடுத்தான்.

"எக்கா, குளிச்சிட்டு இருந்தேன். என்னத்துக்கு இத்தனை தடவை அடிச்சிருக்கே?"

"ஏலே, கிளம்பியாச்சா? இங்க பெட்டிக்குப் பொட்டு வச்சு ஒயரைக் கழத்திட்டேனே."

"எங்க கிளம்ப? என்ஜினுக்குப் பூசை போட்டாச்சுல்லா. உன் பெட்டிக்கு நீ பொட்டு வச்சா மாதிரி என் என்ஜினுக்கு நான் வச்சிருக்கேன். மறுபூசை முடியாம எவன் சாவி போடுவான்?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "ஏஜென்ட் அவசரப்படுத்தினானாமே?"

"குதிச்சான். நான் என்ஜின் ரூம் வாசல்ல மாவிலையைக் காமிச்சேன். நம்ம தண்டல் என்ன சொன்னாரு தெரியுமா?" தண்டல் என்றால் தோணிக்குத் தலைவர், கழுத்தில் ஜெபமாலை போட்ட கிறிஸ்தவர். "'எப்பா, அவன் சாமி என்ஜின் மேல ஒக்காந்திருக்கு. எறக்கிவிட எனக்கு அதிகாரம் இல்ல. மாதா புண்ணியத்துல காலையில போவோம்'னுட்டாரு. அத்தான்கிட்ட சொல்லு."

சொல்ல வேண்டியதில்லை. அத்தான் பக்கத்தில்தான் நின்றார். தோள் குலுங்கியது. சத்தமில்லாமல் சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. நான் ஒயரைச் சுருட்டி, பெட்டிக்குப் பக்கத்தில் வைத்து, அதற்கும் ஒரு பொட்டு வைத்தேன்.

மறுநாள் விடியும்போதே பொரி, கடலை, வெல்லம் வைத்து மறுபூசை முடித்தேன். பூசையில் வைத்த ஆயுதத்தை அன்று ஒரு தடவையாவது எடுத்து வேலை செய்யவேண்டும் என்பது வழக்கம். அரிவாள்மனையில் ஒரு வாழைக்காய் நறுக்கினேன். பெட்டியை எடுத்து ஒயரைச் சொருகினேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் குங்குமத்துக்குக் கீழே பச்சை விழித்தது.

மகள் வீடியோவில் இருந்தாள். தம்பி இன்னொரு போனில். அவன் குரலை ரொம்பத் தாழ்த்திப் பேசினான். பெரிசாகப் பேசினால் டிஸ்க் அதிர்ந்துவிடும் என்று அவனுக்குப் பயம். கோட்டில் இருந்த வெள்ளை ஒவ்வொன்றாகப் பச்சையாயிற்று. ஒன்று வரும். நிற்கும். செத்துப்போயிற்றோ என்று நினைக்கும்போது இன்னொன்று வரும். ஜன்னல் வழியாகக் காலை வெயில் வந்து பலகை மேல் ஏறியது. போனுக்குள் தண்டல் குரல் கேட்டது: "இன்னும் அண்ணாச்சி வந்து சேரலையாலே? கொல்லத்துல இருந்து நடந்தே வாராரா?"

"வந்துக்கிட்டு இருக்காரு, தண்டல். ஆறுமுகநேரி தாண்டலை."

அப்புறம் கோடு நின்றது. ஒரே ஒரு இடத்தில், நூல் மாதிரி ஒரு வெள்ளை. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"எக்கா," என்றான் தம்பி. இப்போது அவன் குரலைத் தாழ்த்தவில்லை. "டக்கு டக்கு நின்னுட்டு."

போன் வழியாக என்ஜின் இருமி, பிடித்து, ஓட ஆரம்பிக்கிற சத்தம் கேட்டது. "நான் பூசையை முடிச்சிட்டேன். போயிட்டு வாரேன்" என்றான்.

மகள் அங்கிருந்தே பதிவை ஓடவிட்டாள். முதலில் தெருவின் சத்தம். செருப்பில்லாத கால்கள் நடக்கிற சத்தம். யாரோ சங்கு ஊதினார்கள். அப்புறம் அவர். கொஞ்சம் கரகரப்பாக, மூச்சு வாங்கிக்கொண்டு, மேலே போகும்போது லேசாகப் பிசிறடிக்கிற அதே குரல். வீட்டில் இருந்த காற்றே வேறு மாதிரி ஆயிற்று. என் வீட்டுக்காரர் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். தன் குரலைத் தானே கேட்கிறவர் முகத்தைப் பார்க்கக்கூடாது என்று தோன்றியது. நான் விளக்கைப் பார்த்தேன்.

மகள் வெள்ளை இருந்த இடத்துக்குத் தள்ளி வைத்தாள். உப்பளத்து மோட்டார் சத்தம், ஒரு லாரி ஹார்ன், அதற்கு மேல் அவர் குரல் ஏறிக்கொண்டு போகிறது. பாதி அடியில் ஒன்றுமே இல்லாமல் போய்விட்டது. குரல் இல்லை, கால் சத்தம் இல்லை, காற்றும் இல்லை.

'சிங்' என்று ஒரு சத்தம் கேட்டது. திரும்பினேன். அவர் எழுந்து பலகையில் இருந்த ஜால்ராவை எடுத்திருந்தார். பூசையில் வைத்த ஆயுதம். ஒரு தடவை எடுத்துத்தானே ஆக வேண்டும்? கண்ணை மூடிக்கொண்டு தட்டினார். அந்த வெற்றிடத்தில் தாளம் மட்டும் போய்க்கொண்டிருந்தது. உதடு அசைந்தது. காற்றுகூட வரவில்லை. எனக்கு உப்பளத்து ஓரம் வெயிலில் பச்சை வேட்டி கட்டி அவர் நடந்து போவது தெரிந்தது. சத்தமில்லாமல், முகம் மட்டும் பாடிக்கொண்டு.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. சட்டென்று பதிவில் குரல் திரும்பி வந்தது. அவர் கையில் இருந்த தாளத்தின் மேல் சரியாக வந்து இறங்கியது.

மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள், "எப்பா, அந்த ஒண்ணுமில்லாத எடத்தை வெட்டி ஒட்டிரட்டுமா? தெரியவே தெரியாது."

அவர் போன் பக்கம் குனிந்து இல்லை என்று தலையை ஆட்டினார். அவளுக்குத் தெரியாமல் போகுமோ என்று ஜால்ராவையும் ஒரு தட்டுத் தட்டிக் காட்டினார்.

அது அப்படியே இருக்கிறது. சிங்கப்பூரிலும் மும்பையிலும் இங்கேயும், எல்லார் வீட்டிலும் அந்த இடத்தில் ஒன்றுமில்லை. காலையில் விளக்கேற்றிவிட்டு, ஆறுமுகநேரிக்குக் கொஞ்சம் முந்தின இடத்திலிருந்து அதை ஓடவிடுவேன். உப்பளம் வரும்போது அவர் எங்கே இருந்தாலும், பல் தேய்த்துக்கொண்டிருந்தாலும் சரி, வந்து ஜால்ராவை எடுத்துவிடுவார்.